செலவுப் பட்டியல்

பந்தலூர் கோர்ட்டில் இது ஏழாவது வாய்தா.
பஸ் பிந்தியதால் நனைந்த செருப்போடு ஓடினோம்.
இருளாயி வரவில்லை.
ஒரே நாளில் ரெண்டு கூலியும் போனால்
கேஸ் ஜெயிச்சு என்னத்துக்கு என்றாள்,
கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டே.

மனுவில் பேத்தி பெயர்தான் முதலில்.
மைனர் மதுஷா, வயது பன்னிரண்டு.
அவளுக்காக, கீழே, நான்.
நாடுகள் பங்கு பிரித்த கணக்கில்
தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது
எனக்கும் அதே வயசு.
அன்றும் பெயர் கூப்பிட்டார்கள்.

டவாலி கூப்பிட்டதும்
பள்ளிக்கூட நினைப்பில்
"உள்ளேன் அம்மா" என்றுவிட்டாள்.
யாரோ சிரித்தார்கள்.

எதிரே நேசராசு.
திருப்பூர்ச் சாயப்பட்டறை, நகக்கண்ணெல்லாம் நீலம்.
மகள் செத்து நாலு வருசம்;
அவனுக்கு இப்போது வேறு வீடு, அங்கே ஒரு கைக்குழந்தை.
குறை சொல்லவில்லை.
அவன் வக்கீல்தான் சொன்னார்:
"அட்டை மாதிரி உறிஞ்சப் பார்க்கிறார்கள், அம்மா."
என் கணுக்காலில் நிஜமாகவே ஒன்று இருந்தது.
உப்பு இல்லை, புகையிலை இல்லை.
பிடுங்கினால் கோர்ட் தரையெல்லாம் ரத்தமாகும்.
பேசாமல் நின்றேன்.

பிள்ளைக்கு மாசம் எவ்வளவு ஆகும், அம்மா கேட்டார்.
பட்டியல் கொடுத்தேன்.
என் கையெழுத்து எனக்கே புரியாது,
சொல்லச் சொல்ல மதுஷா எழுதியது.

அரிசி ரேஷன், அதனால் சேர்க்கவில்லை.
பஸ் முந்நூறு. டியூசன் முந்நூறு.
மூச்சிழுப்புக்கு பம்பு, கூடலூர்க் கடையில் மட்டும்தான் கிடைக்கும்.
ஜெர்கின் (பழசு முழங்கைக்கு ஏறிவிட்டது).
அடுத்த மாசத்திலிருந்து நாப்கின்,
இருளாயி சேர்க்கச் சொன்னது.

ஒன்பதாவது வரி
நான் சொல்லி எழுதியதல்ல.
"ரீசார்ஜ், அப்பாவுக்கு அடிக்க, நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
எடுக்க மாட்டார்."

அம்மா சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவர்
அந்த இடத்தில் குரலை இறக்கினார்.
நேசராசு சட்டைப் பையைத் தொட்டான்.
போனை அணைத்து வைக்க வேண்டிய இடம் அது.
ஆனாலும் தொட்டான்.

சம்பளச் சீட்டோடு வரச் சொல்லி
இருபத்து மூன்றுக்குத் தள்ளி வைத்தார்கள்.

திரும்புகிற வண்டியில்
கண்டக்டர் அவளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்தார்.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தாத்தா, எனக்குத்தான் டிக்கெட் இல்லையே,
முந்நூறுன்னு எழுதிட்டோமே, பொய்க் கணக்கால்ல ஆயிரும்?"
ஜெராக்ஸை வாங்கி
பஸ் வரியைப் பென்சிலால் அடித்தாள்.
பென்சில் இறங்கி இறங்கி
ஒன்பதாவதில் வந்து நின்றது.
உப்பட்டி வளைவில் வண்டி குலுங்கிற்று.

அந்த வரி மேலே ஒரு கோடு இருக்கிறது.
அவள் போட்டதா, குலுக்கலில் விழுந்ததா,
நான் கேட்கவில்லை.
முந்நூறு போக மீதி எவ்வளவு என்று
இருளாயிக்குச் சொல்லக் கூட்டிக்கொண்டிருந்தேன்.