செவ்வாயும் வெள்ளியும் எனக்கு

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
போனில் சொன்னார்:
"மூடி ஒண்ணுதான் கெடச்சிருக்கு டாக்டரம்மா.
முக்கூடல்ல பிரமநாயகம்னு ஒருத்தர்,
அவருக்கும் இதே வண்டி, இதே சீக்கு.
ஆளுக்குப் பாதி ரூவா போட்டு
பங்கு வச்சு ஓட்டுங்க.
சண்டை வந்தா எங்கிட்ட வராதீய."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.
உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கிண்ணம்.
உள்ளே நடுவில் ஸ்பிரிங் வைத்த கரிமூக்கு,
சுற்றி நாலு பல்.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று
வரிசை பிசகாமல் பொறி ஊட்ட வேண்டும்.
என் பழைய மூடியில் மயிரிழை விரிசல்.
பொறி அதற்குள் புகுந்து
வேறு வீட்டுக்குப் போய்விடும்.
வண்டி இரண்டு தரம் இருமி நின்றுவிடும்,
எப்போதும் யாராவது பார்க்கும் இடத்தில்.
பேபி இந்துஸ்தான் என்று சொன்னால்
அம்பாசமுத்திரத்துக் கடைகளில்
பால்புட்டி நிப்பிள் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு.
புதனும் ஞாயிறும் அவருக்கு.
இடையில் மூடி பஸ்ஸில் இருக்கும்.
பாப்பாக்குடி வழி வண்டியில் கண்டக்டர் செல்வின்
தோள்பையோடு சேர்த்துக் கொண்டுவருவான்
எவர்சில்வர் டப்பாவை.
"சாப்பாடாக்கா?" என்றான் முதல் நாள்.
"ஆமா, வண்டிக்கு."

பிரமநாயகத்தை நான் பார்த்ததில்லை.
கையெழுத்து தெரியும்.
பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கம் எழுதுவார்:
"மூணாம் பல்லுல உப்புத்தாள் போடாதீய, துணியே போதும்."
"நேத்து கலியாணத்துக்கு எடுத்தேன்.
மாப்பிள்ளையே எறங்கித் தள்ளினார்."
மருந்துச் சீட்டில் நான் பதில் எழுதுவேன்:
"கரிமூக்கு தேய்ந்துவிட்டது. டார்ச் செல்லை உடைத்து
கரிக்குச்சியை அரத்தில் ராவி வைத்திருக்கிறேன்.
கீலுக்கு மாட்டு வாசலின் நல்லது, கொஞ்சம் அனுப்புகிறேன்."

பேட்டையில் பழைய இரும்புக் கடைக்கு
வைப்பர் கை தேடித்தான் போனேன்.
கல்லாவுக்கு மேலே சாமி படங்கள்,
முன்னால் ஊதுபத்தி.
ஐந்து பத்தி. ஐந்து துளை.
ஊதினேன். சாம்பலுக்குக் கீழே
லூகாஸ் என்ற எழுத்து.
"சாமி சாமானை விக்க மாட்டேன்மா" என்றார் கடைக்காரர்.
எதிர்க்கடையில் ஒரு பித்தளைத் தண்டு வாங்கிவந்தேன்.
அதன் துளைகளை விரலால் எண்ணினார்.
"ஆறு இருக்கே" என்றார்.
கொடுத்துவிட்டார்.

ஒரு வாரம்
பானெட்டைத் திறந்தால் சந்தன வாடை.

பிரமநாயகத்துக்குச் சொல்லவில்லை.
பாதி ரூபாயை எப்படிக் கணக்குத் தீர்ப்பது
என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் பொய்.
சொன்னால் டப்பா வராது.
அவ்வளவுதான்.

வியாழக்கிழமைகளில் மூடி
முக்கூடலிலிருந்து எனக்கு வந்துகொண்டிருக்கும்.
சட்டப்படி இரண்டு வண்டியும்
அசையக் கூடாத நாள்.

அப்படி ஒரு வியாழன், சாயங்காலச் சாரல்.
வயிறு உப்பிய ஒரு காளையைப் பார்த்துவிட்டு
பாப்பாக்குடி விலக்கில் திரும்புகிறேன்.
எதிரே வருகிறது
என் வண்டியின் அதே உருண்டை முகம்,
சாம்பல் நிறத்தில்.
உறுமாமல், இருமாமல், நாலு வாயும் தின்று.
அதன் பின்னால், முந்த வழியில்லாமல், பஸ்.
படியில் செல்வின்.
அந்த வண்டியைப் பார்த்தான்.
இந்த வண்டியைப் பார்த்தான்.
கையிலிருந்த டப்பாவைத் தூக்கி
காதருகே ஆட்டிப் பார்த்தான்.

எனக்கு ஹாரன் வேலை செய்யாது.
அவர் கையை வெளியே நீட்டினார்.
வணக்கமா, வலப்பக்கம் திரும்பும் சைகையா,
கடந்து போகும்வரை புரியவில்லை.

சனிக்கிழமை
துணியில் சுற்றி, வழக்கம்போல
மூடியை அனுப்பினேன்.
சீட்டு எதுவும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை திரும்பி வந்தது.
லேபிளின் பின்னால் ஒரே வரி:
"ஒங்க வண்டிக்குப் பின்னால
வலது லைட்டு எரியல."