இரண்டு மீட்டர் பதினான்கு

பேர்கனில் மழை பெய்கிறது என்பது
சுவரில் சுவர் இருக்கிறது என்பதுபோல.
ஆனாலும் சொட்டும் மேலங்கியை ஆணியில் மாட்டியபடி
பேராசிரியர் தூருன் ஷெல்பிரைட் தினமும் கேட்பார்:
"இன்றைக்கு எடை என்ன, ஓட்வார்?"
மழையின் எடை.
மொட்டைமாடிப் புட்டியிலிருந்து
நான்தான் எடுத்து அளந்து வைத்திருப்பேன்.

நான் கருவி பார்ப்பவன்.
நாற்பத்தாறு குப்பிகள். ஒவ்வொன்றிலும்
ரவையைவிடச் சிறிதாய் ஐந்தாறு ஓடுகள்.
மேலே ஒரு சொட்டு அமிலம்.
ஓடு நுரைத்து வாயுவாகும், கருவி அதை நிறுக்கும்.
கடல் அடக்கி வைத்த மூச்சைத் தராசில் ஏற்றுவது.
(கடைசி வரி தூருனுடையது.
நான் என்றால் "அளவீடு" என்று முடித்திருப்பேன்.)

வகுப்பில் அவர் சொல்வது:
நீரிலும் ஒல்லி உண்டு, தடி உண்டு.
ஒல்லி முந்திக்கொண்டு ஆவியாகும்,
வடக்கே போய்ப் பனியாய் விழும்,
மலைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும்.
தடி கடலிலேயே கிடக்கும்.
பனி ஏற ஏறக் கடல் வற்றும்,
வற்ற வற்றக் கனக்கும்.
அந்தக் கனத்தைக் குடித்துத்தான்
பேர் நீண்ட ஒரு சிற்றுயிர் வீடு கட்டியது.
வீட்டை உடைத்தால் கனம் தெரியும்.

இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டரில்
கனம் சட்டென்று இறங்கியது.
பதினெட்டாயிரம் ஆண்டுக்கு முன்,
உறைகாலத்தின் நட்டநடுவில்
ஒரு வெயில்.
நான்கு முறை ஓட்டினேன். அதே எண்.
இடையிடையே வைக்கும் பளிங்குத்தூள்
ஒரு முறையும் பிசகவில்லை.
மேலே காலம் பார்த்தோம், கீழே பார்த்தோம்,
நடுவுக்குப் பணம் போதவில்லை.
கட்டுரை வந்தது. லிஸ்பனுக்கு அழைத்தார்கள்,
ஹோபார்ட்டுக்கு அழைத்தார்கள்.
துறை வாசலில் அந்த வளைகோட்டை
ஆளுயரத்துக்கு அச்சடித்து ஒட்டினார்கள்.

மூன்றாம் வருடம், மணிக்கூலிக்கு
பழைய எக்ஸ்ரே தகடுகளுக்கு எண் ஒட்ட வந்தாள் சின்னேவா.
ஒரு தகட்டை மட்டும் தனியே வைத்திருந்தாள்.
சேற்றின் அடுக்குகளைக் குறுக்கே கிழித்து
ஒன்று தொண்ணூறிலிருந்து இரண்டு பதினான்கு வரை
சுண்டுவிரல் அகலத்தில் ஒரு வெளிறிய கோடு.

புழு.
பசித்து இறங்கியிருக்கிறது.
அது போன வழியில் மேற்சேறு சரிந்து
ஏழாயிரம் ஆண்டு இளைய ஓடுகள்
கிழவர்கள் நடுவே போய்ப் படுத்துவிட்டன.

தூருன் தகட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.
முதலில் சிரித்தார்.
பிறகு அளவுகோல் கேட்டார்.
பிறகு மேலங்கி இல்லாமல் வெளியே போனார்.
அங்கி மட்டும் ஆணியில் சாயங்காலம்வரை
தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பப்பெறும் கடிதம் பதினோரு வரி.
இரண்டாவது வரி: பிழை என்னுடையது.
கருவியின் தலையில் கட்டிவிடலாமே என்றேன்.
"கருவி சரியாகத்தான் நிறுத்தது, ஓட்வார்.
யாருடைய ஓடு என்று நாம்தான் கேட்கவில்லை."
வாசல் படத்தை அவரே உரித்தார்.
பசை வரவில்லை, இன்னும் நான்கு மூலை தெரியும்.

இப்போது ஒவ்வொரு ஆகஸ்டும் முதல் வகுப்பில்
அந்த வளைகோட்டைத்தான் திரையில் போடுகிறார்.
இருபது நிமிடம் அதற்காக வாதாடுகிறார்,
கடைசி வரிசையில் இருக்கும் நானே
மறுபடி நம்பிவிடும் அளவுக்கு.
"திடீர் வெப்பம்" என்று எழுதி
அடிக்கோடும் இடுகிறார்கள்.
பிறகு ஒன்றும் பேசாமல் எக்ஸ்ரே.
கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

போன வருடம் ஒன்பது நிமிடம் ஆயிற்று.
லோஃபோட்டன் தீவிலிருந்து வந்த ஒரு பையன்,
ஓதம் வற்றும்போது தூண்டிலுக்குப் புழு தோண்டும் வீடு,
கைகூடத் தூக்காமல் சொன்னான்:
"அது வளைதானே?"

அறுபது பேனாக்கள் நின்றன.
அடித்த கோட்டை எப்படி அழிப்பது என்று
யாருக்கும் தெரியவில்லை.
முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்,
இது தேர்வுக்கு உண்டா என்று.

"உண்டு," என்றார் தூருன்.
"புழு வேறாக இருக்கும்."