தெற்குத்தெரு ஒண்ணு

வெடிக்கிற கல் எது, வெடிக்காத கல் எது என்று
எனக்குத்தான் தெரியுமாம்.
கல் பொறுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள்.
கண்மாய்க்குள் கிடந்தது ஆகாது, உள்ளே ஈரம் இருக்கும்.
மினுங்கினால் ஆகாது.
சுத்தியலால் ஒரு தட்டு:
வெண்கலமாய்ப் பேசினால் எடு,
இருமினால் போடு.
கீழவளவில் பதினேழு வருஷம் துளை போட்டவன்.
என்னைத் தட்டினால் நானும் இருமுவேன்.

இன்னாசி ஓமானில் எண்ணெய்க் கிணற்றில் இருந்தபோது
கூட வேலை பார்த்தவன் ஒரு செரோக்கி.
குடியை எப்படி விட்டாய் என்றதற்கு
வளைத்த கம்பு, இருட்டு, பழுத்த கல், தண்ணீர்
என்றானாம்.
பாட்டைச் சொல்லிக்கொடு என்றதற்கு மாட்டேன் என்றானாம்.
"பாட்டு எங்க ஆளுகளோடது.
ஏன், உங்க ஊர்ல கல்லு இல்லையா, ஆவி இல்லையா?"

அதுவும் சரிதான்.
செங்கல்துண்டைச் சுட்டு நொச்சிப் பானையில் இறக்கி
வேது பிடிக்காத வீடு உண்டா இங்கே?
போர்வைதான் கொஞ்சம் பெரிசாய் வேண்டியிருந்தது,
ஆறு பேருக்கு.

ஒத்தக்கடைக்குப் பின்னால், யானைமலை பார்த்த பொட்டல்.
கருவேலங்கம்பு வளைய மறுத்தது. மூங்கில் வாங்கினோம்.
நெல் மூடுகிற தார்ப்பாய், நாள் வாடகை நூற்றிருபது.
நூறு நாள் குடிக்காதவர்களுக்கு மட்டும்தான் இடம்.
நர்ஸ் எஸ்தர் வரிசையாய் பிரஷர் பார்த்தார்.
போஸ்ட் ஆபீஸ்காரருக்கு நூற்றெழுபது,
"நீங்க வெளியில நெருப்பைப் பாருங்க சார்."

தவழ்ந்துதான் உள்ளே போகணும்.
தவழ்ந்து வீடு போய்ச் சேர்ந்தவர்கள்தான் நாங்கள் ஐந்து பேரும்.
நிதானத்தில் தவழ்வது இதுதான் முதல் தடவை.

மண்வெட்டியில் கல் வந்தது,
அரிசிப்பானை அளவு குழிக்குள் ஒவ்வொன்றாய்.
எத்தனையோ கல்லை அறுத்துக் கப்பலேற்றியிருக்கிறேன்.
ஒன்றின் முன்னாலும் உட்கார்ந்ததில்லை.

தார்ப்பாய் இறங்கியது.
கல்லின் சிவப்பு மட்டும்.
பிறகு ஒரு சொம்பு,
அதுவும் போனது.
காது மடல் எரிந்தது, மூக்கு, அப்புறம் பல்.
பல் எரியும் என்று யாரும் சொல்லவில்லை.
யாரோ என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள்,
அல்லது அது என் கையேதான்.

என்ன பாடுவது?
இன்னாசி ஒரு ஸ்தோத்திரம் எடுத்தார்,
இரண்டாவது வரியில் மூச்சு முட்டியது.
கொஞ்ச நேரம் கல் மட்டும் சீறியது.
அப்புறம் மூலையில் தவசி,
சஸ்பெண்டில் இருக்கிற கண்டக்டர்,
அவருக்கு மனப்பாடமாய் இருந்தது அது ஒன்றுதான்:
"மாட்டுத்தாவணி...
உத்தங்குடி...
ஒத்தக்கடை..."
யாரும் சிரிக்கவில்லை.
ஒரு பேருக்கு ஒரு சொம்பு.
நரசிங்கம்பட்டி.
வெள்ளரிப்பட்டி.

அடுத்தது எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை சம்பளத்தை மதுரையில் குடித்துவிட்டு
கடைசி வண்டியில் என் தோளில் தூங்குவான் வீரணன்.
வாயிலிருந்து எச்சில் வடியும் என் சட்டையில்.
அவன் ஊர் வந்ததும் இடித்து எழுப்புவேன்.
கம்பி நைந்திருக்குது என்று அன்றைக்குக் காலையில்
என்னிடம்தான் சொன்னான்.
அப்படி எதுவும் சொல்லவில்லை என்று
கையெழுத்துப் போட்டது நான்.
இரண்டாயிரம் கொடுத்தார்கள். போட்ட பேனா பச்சை.

"தெற்குத்தெரு..."

"ஒரு ஆள் எறங்கணும்" என்றது இருட்டில் ஒரு குரல்.
அந்தக் குரல் என்னுடையது.
தவசி சொம்பை வைக்கிற சத்தம்.
இரண்டு விரலை வாயில் வைத்து
ஒரு விசில்.
எங்கேயோ பிரேக் போட்டதுபோல் நாங்கள் ஐந்து பேரும்
முன்னால் சரிந்தோம், சத்தியமாய்.
யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
இறங்குகிறவனுக்கு நேரம் கொடுத்துக் காத்திருந்தோம்.
பிறகு ஒற்றை விசிலாய் இரண்டு, ரைட்.

மேலூர் வரைக்கும் அன்றைக்குப் போகவில்லை.
தார்ப்பாயைத் தூக்கினார்கள், காற்று ஈரத்துணிபோல் விழுந்தது.
எஸ்தர் தலையைத் தொட்டு எண்ணினார்,
அஞ்சு, சரியா இருக்கு.
எனக்கு ஒன்று குறைந்தது.

விடிந்த பிறகு குழியிலிருந்து கல்லை எடுத்து
பழக்கத்தில் தட்டிப் பார்த்தேன்.
ஒன்று விடாமல்
எல்லாம் இருமின.