குறுக்கு வயர்

தைப்பொங்கலிலிருந்து இரண்டு பேரும் கதைக்கிறேல்லை.
இப்ப பங்குனி.
ஸ்ரூடியோப் பலகையில் பத்திநாதனின் பெயருக்கு மேல்
வெள்ளைப் பெயின்ற் அடித்தாயிற்று.
வெயில் ஏற ஏற, அடியிலிருந்து
அந்தப் பெயர் நீலமாய்த் திரும்ப எட்டிப் பார்க்கிறது.

காசைப் பிரித்தார்கள். லைற்றுகளைப் பிரித்தார்கள்.
குடை இரண்டு, ஆளுக்கு ஒன்று.
படங்களைத்தான் பிரிக்கத் தெரியவில்லை.
ஏழு வருசக் கலியாணம், சாமத்தியவீடு, முதல்நன்மை,
சங்கக்கடைத் திறப்புவிழா ஒன்று.
அறுபத்தொரு ஜிபி.
கையிலிருந்த பென் டிரைவ் நாலு ஜிபி.

ஆல்பம் போடுகிறவள் நான்.
இருவருக்கும் இப்போது வாய் என்னோடு மட்டும்.

குருநகரிலிருந்து பத்திநாதன் வந்தார்,
வீட்டுக் கணினியைப் பழஞ்சேலையில் சுற்றி
மோட்டார் சைக்கிளில் ரியூப் ரப்பரால் இறுக்கி.
நாச்சிமார் கோயிலடியில் குலேந்திரன் வீடு.
சாப்பாட்டு மேசையின் ஒரு தலையில் ஒன்று,
மறுதலையில் மற்றது.
நடுவில் ஊறுகாய்ப் போத்தல்; அதை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்ரான்லி வீதியில் வாங்கிய வயரைச் சொருகினேன்.
இரண்டு திரையிலும் சிவப்புக் குரிசு.
“என்னவாம் பிள்ளை?”
நேர் வயர் இது, நடுவில் ஒரு பெட்டி இருந்தால்தான் சரிவரும்.
நேரே இரண்டையும் பூட்டினால்
வாய்க்கு எதிரே வாய், காதுக்கு எதிரே காது.
இரண்டும் கத்தும்.
ஒன்றுக்கும் கேளாது.
சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தேன்.

ஒரு முனையை வெட்டினேன்.
தோலைப் பல்லால் உரித்தேன்.
பச்சைச் சோடி இருந்த இடத்துக்குச் செம்மஞ்சள்,
செம்மஞ்சள் விட்ட இடத்துக்குப் பச்சை.
நீலத்தையும் மண்ணிறத்தையும் தொடவில்லை,
அவை இந்தச் சண்டையில் இல்லை.
புதுக் கிளிப் போட்டுக் குறட்டால் நெரித்தேன்.
முதல் கிளிப் பிழைத்தது. இரண்டாவது பிடித்தது.

முகவரி கொடுத்தேன்,
எல்லா எண்ணும் ஒன்று, கடைசி மட்டும் வேறு:
ஒரே ஒழுங்கை, அடுத்தடுத்த வீடு.
கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலில்லை.
“நெருப்புச்சுவரை நிப்பாட்டச் சொல்லும் அவரை.”
“முதல் அவர் நிப்பாட்டட்டும்.”
இரண்டையும் நானே நிப்பாட்டினேன்.

பதில்.
பதில்.
பதில்.
பதில்.
நாலும் ஒரு மில்லிசெக்கனுக்குள்.

படங்கள் போகத் தொடங்கின.
மிச்சம் நாற்பது நிமிடம் என்றது திரை,
பிறகு நாலு மணித்தியாலம், பிறகு பதினொரு நிமிடம்,
தரகர் சொல்கிற மாப்பிள்ளை வயது மாதிரி.
கரண்ட் போகக்கூடாதென்று மாதாவையும் நாச்சிமாரையும்
அவரவர் பக்கத்தில் அவரவர் நேர்ந்திருப்பார்கள்.
மூன்று தேத்தண்ணி வந்தது. இரண்டு ஆறியது.

எண்பது வீதத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டது.
0412 என்ற பெயரில் இங்கேயும் ஒரு படம் இருக்கிறதாம்.
மாற்றவா, விடவா, இரண்டையும் வைக்கவா?

கரவெட்டிக் கலியாணம். தாலி ஏறும் நேரம்.
பத்திநாதன் எடுத்ததில், மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே
பிளாஸ்ரிக் கதிரையில் ஏறித் தள்ளாடும் குலேந்திரன்.
குலேந்திரன் எடுத்ததில், பொம்பிளையின் முழங்கைக்குக் கீழே
நிலத்தில் குந்திய பத்திநாதன்.
இரண்டிலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கமெரா.
ஆளுக்காள் மற்றவரின் படத்தைக் கெடுத்திருந்தார்கள்.

இரண்டு பேரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

“அந்தக் கதிரை முறிஞ்சது” என்றார் குலேந்திரன், திரையைப் பார்த்து.
“அப்ப இல்லை. பந்திக்குப் பிறகுதான் முறிஞ்சது.”
“ஓம். பந்திக்குப் பிறகு.”

அவ்வளவுதான்.
நான் மூன்றாவதை அழுத்தினேன்.
0412, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு இரண்டு.

முடிய ஒன்பதே முக்கால்.
சேலையைச் சுற்றி, ரப்பரை இறுக்கி, அவர் போய்விட்டார்.
வயரைப் பிரிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.
என் பைக்குள் கிடக்கிறது,
முனைக்கு முனை நிறம் மாறி, பெட்டியோடு பூட்ட உதவாமல்.

கிளிப் இரண்டு, எண்பது ரூபா.
அதை யாரிட்டைக் கேட்கிறது?