ஓர் அங்குலம்

நாற்பத்தைந்தடி.
ஜப்பானில் ஓடிக் களைத்துக் கொழும்பில் இறங்கி
என் கையெழுத்தில் கடனாகி
பாலையூற்று வளவுக்குள் வந்து படுத்த ட்ரெய்லர்.
இரண்டு அச்சு, எட்டுச் சில்லு.
வளவு போதாமல் அதன் வால்
ஒழுங்கைக்குள் நீண்டு கிடந்தது.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் குனிந்து போனார்கள்.

கந்தளாய்ப் பக்கம் இரண்டு தரம் மறித்தார்கள்.
முதல் தரம்: நீளம் கூட.
மறு தரம்: சுமைக்கு அச்சு காணாது.
கூடவும் குறையவும் ஒரே உடம்பிலா என்று
மரியதாஸ் வாய்க்குள் கேட்டுக்கொண்டு
தண்டச் சீட்டை மடித்து
மாதா படத்துக்குப் பின்னால் செருகினான்.

புதிதுக்கு விலை கேட்டேன்.
போனில் வந்த தொகையின் பூச்சியங்களை
எழுதி எண்ணி முடிக்க முன்னம்
தேத்தண்ணி ஆறிப்போனது.
சரி, வெட்டுவம் என்றேன்.

கிண்ணியாவிலிருந்து ஜவ்பர் பாஸ் வந்தார்.
முதல் நாள் முழுக்க எதையும் வெட்டவில்லை.
அடியில் மல்லாந்து படுத்துச் சுத்தியலால் தட்டினார்,
காது கொடுத்தார், திரும்பவும் தட்டினார்.
"சட்டம் ரெண்டு, தங்கச்சி.
ஒண்டு கந்தோர்ல, தாள்ல.
மற்றது இது, துருப்பிடிச்சுக் கிடக்கிறது.
தாளுக்காக இதை வெட்டப் போறம்.
இதுக்கு நோகாமல் வெட்டவேணும்."

ஐப்பசி மழை சுண்ணக்கோட்டை மூன்று தரம் அழித்தது.
நாலாம் தரம் உளியால் புள்ளி குத்தினார்.
அவருடைய அளவு நாடாவில்
முதல் அங்குலம் எப்போதோ உடைந்து போயிருந்தது.
ஒன்றிலிருந்துதான் உலகம் தொடங்கும்.
"முடிவில ஒண்டு கூட்டிப் பிடிக்கவேணும்"
என்று தனக்கே சொல்லிச் சொல்லி அளந்தார்.

பூட்டுகளுக்குக் குறி வைத்த அந்த மத்தியானம்
நான்தான் நாடாவின் மறு முனையைப் பிடித்திருந்தேன்.
பிடித்தபடியே கேட்டேன்,
கூலியில் ஒரு பத்தாயிரம் பார்த்துச் செய்யலாமே பாஸ்?
அவர் பேசவில்லை.
குறி வைத்தார்.

பிறகு நெருப்பு.
வாலில் ஐந்தடி, ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு
நிலத்தில் இறங்கியது.
மூன்றாம் அச்சு வந்தது, இழைத்தகடு வந்தது,
பழைய அச்சுகள் ஒரு முழம் முன்னே போயின,
புதுச் சில்லுகளின் ரப்பர் மணம் வீடு முழுக்க.

பரிசோதகர் ஹேமசிறி குடையோடு வந்தார்.
நீளம் அளந்தார், அச்சுக்கு அச்சு அளந்தார்,
"ஹரி" என்றார்.
அந்தச் சொல்லை நான் இரவு முழுக்க
வாயில் வைத்திருந்தேன்.

விடிய, சீனன்குடாவில்
நாற்பதடிப் பெட்டி பாரந்தூக்கியில் இறங்கியது.
முன் மூலைகள் இருந்தன.
பின் மூலைகள் இருக்க மறுத்தன.
பூட்டின் தலைக்கும் பெட்டியின் துளைக்கும் நடுவே
ஓர் அங்குலம்.
தாள் ஒப்புக்கொண்டதைப் பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை.
பின்னால் பதினொரு லொறி ஹோர்ன் அடித்தன.
மரியதாஸ் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான்.

அன்று மத்தியானம் ஒன்று கூட்ட மறந்தது அவர்.
மறக்க வைத்தது நான்.
கூலியில் நான் குறைக்கப் பார்த்தது
இரும்பில் குறைந்திருந்தது.

போன் எடுத்தேன். என்ன ஏது என்று கேட்கவில்லை.
மோட்டார் சைக்கிளின் பின்னால்
வெல்டிங் கம்பிகளைக் கட்டிக்கொண்டு
மழைக்குள் வந்தார்.
பூட்டுத் தகடுகளைப் பெயர்த்து, ஓர் அங்குலம் தள்ளி,
இரவு ஒன்பதரை வரை ஒட்டினார்.
நீல வெளிச்சத்தில் என் நிழல்
மதிலில் துள்ளித் துள்ளி நின்றது.

முழுக் கூலியும் கொடுத்தேன்.
பத்தாயிரத்தை எண்ணித் திருப்பித் தந்தார்.
"ஓரங்குலம் என்ர பிழைதானே."
இல்லை பாஸ் என்றேன். வேறு சொல் வரவில்லை.
கடைசியில் அந்தக் காசு
மரியதாஸின் பெட்ரோல் மண்ணெண்ணெய்க் கணக்குகளுக்குள்
எங்கோ போய் ஒளிந்தது.

அடுத்த கிழமை புது நாடா ஒன்று வாங்கிப் போனேன்.
பிரித்துப் பார்த்தார், மகனிடம் கொடுத்தார்.
"பழசு சொல்லுற பொய் எனக்குப் பாடம், தங்கச்சி.
புதுசு என்ன சொல்லுமெண்டு தெரியாது."

வெட்டிய ஐந்தடி இன்னும் மதிலோரம் கிடக்கிறது.
பழைய இரும்புக்காரன் இரண்டு தரம் வந்துவிட்டான்.
கிலோவுக்கு நல்ல விலைதான் சொல்கிறான்.
பிள்ளைகள் இப்போது ஒழுங்கையில் நிமிர்ந்து நடந்து வந்து
அதில் ஏறி இருந்து ஐஸ்பழம் தின்கிறார்கள்.
பார்ப்போம், மழை விடட்டும்.