சுண்ணாம்புக் கணக்கு

கோட்டைமுனை நெல் ஆலைச் சுவரில்
பத்தக்குட்டி வரைந்ததில் எனக்கு முதலில் தெரிந்தது
ஒரு கால் மட்டும்.
முழங்கால்வரை சேறு. ஒரு விரலில் நகம் இல்லை.
அந்தக் காலைத்தான் முதலில் வெள்ளையடித்தேன்.

பெரிய யுத்தத்தில் கொழும்புத் துறைமுகத்தில்
பட்டாளப் பெட்டிகளுக்கு எண் எழுதிப் பழகிய கை
என்று பிறகு கேள்விப்பட்டேன்.
வாவியில் மட்டி பொறுக்கிச் சூளையில் நீற்றிய
சுண்ணாம்பு என்னுடையது.
நாட்கூலி முப்பது சதம். ஆணுக்கு ஐம்பது.

வாக்குப் பெட்டிகளுக்கு நிறம் கொடுத்த வருடம்
ஸ்டேசன் சரக்கறைச் சுவரில்
ஒரே மூட்டையை இரண்டு பேர் சுமந்தார்கள்:
முன்னே முல்லைக்காரன், பின்னே காத்தான்குடி நெசவாளி,
மூட்டைமேல் கால்நீட்டிப் போடியார்,
மடியில் வெற்றிலைத் தட்டம்.
மறுநாளே என்னைக் கூப்பிட்டார்கள்.

காய்ச்சல் வருடம் ஆஸ்பத்திரி மதில்.
கொயினா வில்லை அளவுக்கு ஒரு நிலா,
கீழே வாய்திறந்த நானூறு பேர்.
எண்ணினேன். மூன்று நாள் எடுத்தது.
கண்களுக்கு இரண்டு பூச்சு வேண்டும்,
கரி லேசில் மறையாது.

மாரி வந்தால் என் வெள்ளை கரையும்,
கால்கள் வெளியே வரும்,
எனக்கு மறுபடி வேலை.
அவன் பட்டினி கிடந்தான். நான் சோறு தின்றேன்.

அதே ஆலைச் சுவர். ஏணியடியில் வந்து நின்றான்.
அடிக்கப் போகிறான் என்று வாளியை இறுக்கிப் பிடித்தேன்.
"எவ்வளவு கா தாறாங்க?"
சொன்னேன்.
"ஐம்பதுக்குக் குறைய ஏறாத கா."
பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாவிப் பக்கம் போய்விட்டான்.

நான் ஏறவில்லை.
தாமரைக்கேணிப் பெண்கள் ஏழு பேரும் ஏறவில்லை.
பதினொரு நாள் படம் வெயிலில் நின்றது,
சந்தைக்கு வந்தவர்கள் அதில் தங்கள் முகம் தேடினார்கள்.
பன்னிரண்டாம் நாள் நாற்பத்தைந்து சதம்.
ஏறினேன்.
வெட்கம்தான். ஆனால் நாற்பத்தைந்து.

பிறகு அடுத்த யுத்தம்.
திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளுக்குக்
காட்டு நிறம் பூச அவனை எடுத்தார்களாம்,
மேலே பறக்கிறவனுக்கு ஒன்றும் தெரியக் கூடாதாம்.
லொறிக்கார உமறுலெவ்வையிடம் சொல்லியனுப்பியிருந்தான்:
"இப்ப நானும் உன்ட தொழில்தான் கா.
பொம்பிளைக்கும் ஒரே கூலி எண்டு கேட்டிருக்கம்.
தருவான் எண்டு நினைக்கல்ல."

இந்த மாரியிலும் ஆலைச் சுவரில்
கால் வெளியே வந்திருக்கிறது.
இன்னும் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.
நகம் இல்லாத விரல் எது என்று கேட்டால்
பார்க்காமலே சொல்வேன்:
இடது கால், இரண்டாவது.