அஞ்சரை மணி நேரம்

அட்டையில் ஐநூறு ஜிபி.
திரையில் நானூற்று அறுபத்தைந்து.
சாயத்துக்குப் போய்த் திரும்பிய துணி போல
எடை குறைந்துதான் கைக்கு வருகிறது எதுவும்.
கணக்குக் கேட்கவில்லை.
கம்பெனி கழித்துப்போட்ட லேப்டாப்,
ஏழாயிரம், இரண்டு தவணை.

தாமோதரனுக்கு லினக்ஸ் வேண்டும்.
சாயப்பட்டறை ராத்திரி ஷிப்டை விட்டுச்
சரவணம்பட்டியில் சர்வர் பார்க்கும் வேலைக்கு
அதுதான் வழி என்று யாரோ சொல்லி
ஆறு மாதமாகிறது.
எனக்கு விண்டோஸ்.
பேட்டர்ன் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும்.
எஸ், எம், எல், எக்ஸ்எல்.
நான் பார்க்கவே போகாத தோள்களுக்கு
ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கித் தருவதில்
என் சோறு.

மார்க்கர் போடுகிறவள் நான்.
கைத்துண்டு எங்கே, கழுத்துப்பட்டி எங்கே,
எப்படி வெட்டினால் கழிவு குறையும்
என்பதெல்லாம் கண்ணுக்குப் பழக்கம்.
பாதிக்குப் பாதி கோடு இழுத்தேன்.
முடியாது என்றது.
நகர்த்த முடியாத கோப்பு ஒன்று
நடுவில் உட்கார்ந்திருக்கிறதாம்.
அங்கேரிபாளையத்து இந்த ஒற்றை அறையில்
பீரோ நிற்கிற மாதிரி.
அதைச் சுற்றித்தான் பாய் விரிக்கணும்,
அதைச் சுற்றித்தான் கோபித்துக்கொண்டு
திரும்பிப் படுக்கணும்.

அணைக்க வேண்டியதை அணைத்து
மறுபடி எழுப்பி
மறுபடி கேட்டேன்.
நகர்ந்து கொடுத்தது.

பேட்டரி செத்த மெஷின்.
பாதியில் கரண்ட் போனால்
இரண்டு பேருக்கும் இல்லை.
ஈபிக்கு அன்றைக்கு நல்ல மனசு.

அப்புறம் அந்தக் கறுப்புப் பட்டை.
ஒதுக்கப்படாதது என்று எழுதியிருந்தது.
இருநூற்றுச் சொச்சம் ஜிபி,
யார் பெயரிலும் இல்லாமல்.
உடனே எதையும் அழுத்தாமல்
சித்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் ஒரே நேரத்தில்
விழித்திருக்க முடியாது, கோகிலா,
என்று பெரிய விஷயமாக விளக்கினார்.
எனக்கா விளக்க வேண்டும்?
வெடியால எட்டுக்கு அவர் கேட்டைத் திறக்கும்போது
நான் வண்டியை வெளியே தள்ளுகிறேன்.
பொழுதோட ஏழுக்கு நான் வந்தால்
தலையணையில் அவர் தலை வைத்த பள்ளம்
இன்னும் நிமிர்ந்திருக்காது.

திறந்ததும் பத்து நொடி காத்திருக்கும் திரை,
யார் வேண்டும் என்று.

அவர் பக்கமிருந்து
என் கோப்புகள் எல்லாம் தெரிகின்றன.
என் பக்கமிருந்து
அவருடையது பெயரில்லாத ஏதோ இடம்.
ஃபார்மேட் செய்யட்டுமா என்று
ஒருநாள் வெள்ளந்தியாய்க் கேட்டது.
அடித்துப்பிடித்து மூடினேன்.

அதனால் நாற்பது ஜிபியைப் பொதுவில் விட்டோம்.
கேஸ் ரசீது, சீட்டுக் கணக்கு,
அவருடைய ரெஸ்யூம், ஒன்பதாவது தடவை திருத்தியது,
என் தம்பி கல்யாண வீடியோ,
'பாரு' என்று பெயர் வைத்த ஒரு நோட்பேட்.
மாவு தீந்துபோச்சு.
வாடகை குடுத்தாச்சு.
மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்தா அறுநூறு குடுங்க.
இப்படி.

பத்தாம் நாள் அதில் எழுதியிருந்தார்:
நேத்து மத்தியானம் ஒண்ணரைக்கு வந்திருந்தியா?
எழுப்பியிருக்கலாமல்ல.

நான் எங்கே வந்தேன்.
ஒண்ணரைக்குக் கேன்டீனில் வரிசையில் நின்றேன்.
மாவு பற்றி எழுதும்போது இரவு ஏழு.

கடிகாரம்தான்.
உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று.
அவர் லினக்ஸ் போகும்போது
உலகப் பொது நேரத்தை அதில் வைத்துவிட்டுப் போகிறது.
என் விண்டோஸ் வந்து
அதைத் திருப்பூர் நேரம் என்றே நம்பிவிடுகிறது.
நடுவில் காணாமல் போகிறது
அஞ்சரை மணி நேரம்.

ஒற்றை வரிக் கட்டளை போதும்.
இரண்டில் ஒன்று இறங்கி வந்து
மற்றதன் கணக்குக்கு ஒத்துக்கொண்டால் தீர்ந்தது.
நெட்டைத் திறந்துவிட்டால்கூடத்
தானே திருந்திக்கொள்ளும்.
டேட்டா மிச்சம் இருந்தது.
திறக்கவில்லை.

வந்தேன்.
நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க
என்று அதன் கீழே எழுதிச் சேமித்தேன்.
எதிர்வீட்டில் வாசல் விளக்கைப் போட்டார்கள்.
திரையின் மூலையில் மணி
மதியம் ஒன்று நாற்பத்திரண்டு.